வணக்கமும் ஒழுக்கமும்

திருகோணமலை உட்துறைமுகத்தை அண்டிய லிங்கநகரிலே, என் வீட்டுப் படலையடியிற் சில வாரங்களுக்கு முன் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சியொன்று இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று. காலை ஏழு மணி இருக்கும். வெள்ளைச் சீருடை அணிந்த சிறுவன் ஒருவன் துவிச்சக்கர வண்டியிலே வந்தான். தரம் எட்டு அல்லது ஒன்பதிற் படிப்பவனாக இருக்கலாம். என்னைக் கண்டதும் வண்டியினின்றும் இறங்கிக் கைகூப்பி, "வணக்கம் சேர்" என்றான். ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்று ஆண்டுகள் பல கழிந்த ஒருவனுக்கு, முன்பின் பழகாத பிள்ளையொன்று வண்டியால் இறங்கி நின்று வணக்கஞ் சொன்னால் உள்ளம் குளிராதிருக்குமா? குளிர்ந்தது.

அவ்வேளையிற் கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் ஒழுங்கையிலே தம் வண்டியை நிறுத்தியிருந்தார். அவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. மீன்பெட்டி வழியைச் சற்றே மறித்து நின்றது. "டேய் மீன்காரா, எடடா அங்கால" என்றான் அதே பிள்ளை. நான் திடுக்குற்றுத் திரும்பினேன். அம்மனிதர் சிரித்தவாறே வண்டியை ஒதுக்கி, "உடுங்க சேர், புள்ளதானே" என்றார். சிறுவன் எனக்கு இன்னொரு வணக்கம் வைத்துவிட்டுப் போனான்.

அந்த இரண்டாவது வணக்கம் அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டிருந்தது. அவனை ஒழுக்கங் கெட்டவன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. நாம் கற்பித்த பாடத்தை அவன் பிழையறக் கற்றிருந்தான். யாருக்கு வண்டியால் இறங்கவேண்டும், யாருக்கு இறங்கவேண்டியதில்லை என்பதே அந்தப் பாடம்.

நிற்க. பாடசாலைகளில் ஒழுக்கக் கல்வி வேண்டும் என்ற குரல் இன்று எங்கும் கேட்கின்றது. போதைப்பொருளும் கைத்தொலைபேசியும் பிள்ளைகளைக் கெடுத்துவிட்டன என்று பெற்றோர் கவலுகின்றனர். ஒழுக்கத்தைத் தனிப்பாடமாக்கிப் பரீட்சையும் வைத்துவிட்டால் எல்லாம் சீராகும் என்று மேடைகளிற் பேசுகின்றனர். இவர்களுடைய கவலை மெய்யானது. ஆயினும், நமது நாட்டிலே ஒழுக்கம் பற்றிய பாடங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. சமயம் முதலாந் தரத்திலிருந்து க.பொ.த. சாதாரண தரம் வரை கட்டாய பாடம். குடியுரிமை பற்றிய பாடமும் உண்டு. ஞாயிறு தோறும் அறநெறிப் பாடசாலைகள் நடைபெறுகின்றன. காலைக் கூட்டத்திலே தினமும் ஒரு நற்சிந்தனை சொல்லப்படுகின்றது. ஆண்டுக்கணக்காக இவ்வளவையுங் கேட்ட பிள்ளைதான் "டேய் மீன்காரா" என்கின்றான். ஆகவே பாடங்கள் எத்தனை என்று எண்ணுவதை விட்டு, அவை எத்திசை நோக்கிப் போகின்றன என்று பார்த்தல் வேண்டும்.

தமிழிலே இவ்விடயத்திற்கு இரு சொற்கள் வழங்குகின்றன. ஒன்று மரியாதை, மற்றொன்று ஒழுக்கம். மரியாதை வடசொல். எல்லை, வரம்பு என்பது அதன் முதற்பொருள். இன்னார் இவ்விடத்தில் நிற்கவேண்டும், இன்னார் இக்கோட்டைத் தாண்டலாகாது என்று வரைந்து வைப்பது அது. ஒழுக்கமோ ஒழுகு என்னும் வினையடியிற் பிறந்தது. ஒழுகும் நீர் மேட்டிலிருந்து பள்ளத்திற்கு வரும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற்ற வேண்டுமாயின் துலா வேண்டும், வாளி வேண்டும், வருந்தி இறைக்க வேண்டும். நம் பாடசாலைகளில் ஒழுக்கம் என்ற பெயரில் நடைபெறுவது பெரும்பாலும் இந்த இறைப்பு வேலையே. சிறியவன் பெரியவனுக்கு எழுந்து நிற்க வேண்டும். மாணாக்கன் ஆசிரியனை வணங்க வேண்டும். ஆசிரியன் அதிபருக்கும், அதிபர் கல்விப் பணிப்பாளருக்கும் குனிய வேண்டும். எல்லாம் கீழிருந்து மேலே செல்கின்றன. மேலிருந்து கீழே ஒழுகுவது யாது? பக்கத்திலிருப்பவனிடம் பரவுவது யாது?

நம் முன்னோர் இவ்வாறு ஒருதிசைப்பட்ட ஒழுக்கத்தையா வகுத்தார்கள்? திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் உலகநீதியும் எழுத்தோடு சேர்த்தே ஓதப்பட்டன. ஆறுமுக நாவலர் 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியபின், அச்சுவாகனமேற்றிய பாலபாடங்களில் ஒழுக்கத்துக்குப் பேரிடம் கொடுத்தார். நான்காம் பாலபாடத்தை எடுத்துப் பார்ப்பவர், பெரியோரைப் பேணுதலோடு பொய், களவு, அழுக்காறு, கோபம் என்பனவும் தனித்தனியே விளக்கப்பட்டிருக்கக் காண்பர். கோபத்தைப் பற்றிய பாடம் பிள்ளையை மட்டும் கட்டுவதன்று; அதைக் கையில் ஏந்தி வாசிக்கும் உபாத்தியாயரையும் கட்டும். நாம் செய்தது என்ன? பெரியோரைப் பேணுதலை வகுப்பறைச் சுவரில் எழுதினோம். கோபத்தைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டோம்.

மேல்நோக்கிய மரியாதையை மட்டும் வளர்த்தால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு யப்பானின் வரலாறு ஒரு சான்று. 1890 ஆம் ஆண்டில் வெளியான சக்கரவர்த்தியின் கல்விப் பிரகடனம் அந்நாட்டுப் பாடசாலைகளின் வேதமாயிற்று. ஷூஷின் என்ற ஒழுக்கபாடம், பெற்றோர்க்குப் பணிதல் முதலாகச் சக்கரவர்த்திக்கு உயிர்கொடுத்தல் ஈறாக, பணிவையே படிப்படியாகக் கற்பித்தது. அப்பாடத்தைக் கற்ற தலைமுறை பெருந்தொகையாகப் போர்க்களம் சென்றது. 1945 ஆம் ஆண்டிலே தோல்வியுற்ற யப்பானைக் கைக்கொண்ட நேசநாட்டு நிருவாகம் செய்தவற்றுள் ஒன்று, அப்பாடத்தை நிறுத்தியமை. 1958 இல் ஒழுக்கத்திற்கென வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கப்பட்டது. 2018 இல் ஆரம்பப் பள்ளிகளில் அது மீண்டும் முறையான பாடமாயிற்று. இம்முறை ஒரு கட்டுப்பாடு விதித்தார்கள்: இப்பாடத்திற்குப் புள்ளி இல்லை, ஆசிரியர் தாம் கண்டதை வாக்கியமாக எழுதுவார். யப்பானியப் பிள்ளைகள் தம் வகுப்பறையைத் தாமே கூட்டித் துடைப்பதைப் பலரும் வியந்து பேசுகின்றனர். அதற்குப் பாடநூல் தேவைப்படவில்லை. கையில் ஒரு துணி போதுமாயிருந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். மேலிருந்து கீழே ஒழுகவேண்டிய ஒழுக்கத்தை முதலில் நோக்குவோம். 2005 ஆம் ஆண்டிலே கல்வி அமைச்சு 17 ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தின் மூலம் பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. அதற்குப் பத்து ஆண்டுகளின் பின்னரும் பிரம்பு ஓயவில்லை. 2017 இல் தென்னிலங்கைப் பாடசாலையொன்றில் ஆசிரியர் அறைந்ததனால் 15 வயது மாணவன் ஒருவனின் செவிப்புலன் பாதிப்புற்றது. பெற்றோர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2021 பெப்ரவரியில் வழங்கப்பட்ட தீர்ப்பு, அச்செயல் அரசியலமைப்பு உறுதிசெய்யும் அடிப்படை உரிமையை மீறியது என்று கூறி, ஆசிரியரும் அரசும் இழப்பீடு செலுத்தப் பணித்தது. ஒரு பிள்ளையின் உடலும் மனமும் மதிக்கத்தக்கவை என்பதை நாட்டின் அதியுயர் நீதிமன்றம் நமக்கு எடுத்துரைக்க வேண்டியதாயிற்று.

பிறரைச் சொல்வானேன்? நான் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில், வேறோர் ஊரிலுள்ள பாடசாலையொன்றிலே, வகுப்பினுள் நுழைந்தபோது ஒரு மாணவன் மட்டும் எழாமல் இருந்தான். எழும்படி சொன்னேன், எழவில்லை. அருகே சென்று உள்ளங்கையில் நான்கு அடி கொடுத்தேன். அவன் இருந்தபடியே கையை நீட்டினான். இடைவேளையில் இன்னொரு பையன் வந்து, அவனுடைய காற்சட்டை பின்புறம் கிழிந்துபோயிற்று என்றும், அதனால் வெட்கப்பட்டு எழாதிருந்தான் என்றும் சொன்னான். நான் திகைத்து நின்றேன். ஆயினும் அடுத்த பாடவேளையில் அவனிடம் சென்று "தம்பி, நான் செய்தது பிழை" என்று சொல்லவில்லை. ஆசிரியன் மாணாக்கனிடம் அவ்வாறு சொல்வது வழக்கமன்று. மறுநாள் வகுப்பு முழுவதும் வழமையிலும் விரைவாக எழுந்து நின்றது. அதை மரியாதை என்று எண்ணிப் பெருமைப்பட்டேன். நாற்பது பிள்ளைகளுக்கு அன்று நான் கற்பித்தது இன்னதென்று இப்போது தெரிகின்றது: வலியவன் பிழை செய்தால் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பாடத்தை எந்தப் பாடவிதானத்திலும் எழுதவில்லை. எனினும், நான் கற்பித்த இலக்கணத்தைக் காட்டிலும் அஃது அவர்கள் நெஞ்சில் நன்றாகப் பதிந்திருக்கும்.

"பிரம்பு போயிற்று, ஒழுக்கமும் போயிற்று" என்று என் வயதினர் கூறுவதைக் கேட்கின்றேன். அவர்களை அன்போடு ஒன்று கேட்பேன். பிரம்பு முழு ஆட்சி செலுத்திய காலத்திற் படித்தவர்கள் நாம். 1983 ஐயும் அதன் பின் 2009 வரை சென்ற ஆண்டுகளையும் நடத்தியவர்கள், நடத்த விட்டவர்கள், பார்த்திருந்தவர்கள் எல்லாரும், எம்மொழியினராயினும், அப்பிரம்பின் கீழ் வளர்ந்தவர்களே. அது கற்பித்த ஒழுக்கம் எத்தகையது என்பதற்கு நம் தலைமுறையே உரைகல்.

இனி, பக்கத்திற் பரவவேண்டிய ஒழுக்கம். வள்ளுவர் ஒழுக்கமுடைமையை 14 ஆம் அதிகாரமாகவும் பண்புடைமையை 100 ஆம் அதிகாரமாகவும் அமைத்தார். ஒருவன் தன்னைக் காத்துக்கொள்வது முன்னது. பிறரோடு கலந்து வாழ்வது பின்னது. நம் பாடசாலைகள் முன்னதைத் தொட்டுவிட்டுப் பின்னதற்குப் போகாமலே மணியடித்து விடுகின்றன. திருகோணமலைக்கு இக்குறை மிகப் பொல்லாதது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் இம்மாவட்டத்தில், 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, எந்த ஓர் இனத்தவரும் சரிபாதியை எட்டவில்லை. ஆயினும் பெரும்பாலான பிள்ளைகள் தத்தம் இனத்தாரின் பாடசாலையில், தத்தம் சமயத்தைத் தத்தம் சமய ஆசிரியரிடம் கற்கின்றனர். சிங்களத்தை இரண்டாம் மொழியாகப் படிக்கும் தமிழ்ப் பிள்ளை, உயிருள்ள சிங்களப் பிள்ளையொன்றோடு ஒரு வாக்கியமும் பேசாமலே அப்பாடத்தை முடித்துவிடலாம். அயலானுக்குக் காட்டும் ஒழுக்கத்தைப் பழக அங்கே அயலான் இல்லை.

2018 ஏப்ரிலில் நடந்ததை ஊரார் மறந்திரார். தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் 1923 இல் தொடக்கிய ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில், முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வந்தமை பற்றிப் பிணக்கு எழுந்தது. சேலையே கல்லூரியின் மரபு என்றனர் ஒரு சாரார். உடை எங்கள் உரிமை என்றனர் மற்றொரு சாரார். ஆர்ப்பாட்டம், இடமாற்றம், மனித உரிமைகள் ஆணைக்குழு, நீதிமன்றம் என்று ஆண்டுகள் சென்றன. 2022 பெப்ரவரியில் மீண்டும் கொதித்தது. எந்தச் சாரார் கூற்று நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கு முற்படவில்லை. அந்நாள்களில் யன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த சிறுமிகளைப் பற்றியே நினைக்கின்றேன். கருத்து மாறுபட்ட இரு பெரியவர்கள் ஒருவரையொருவர் எவ்வாறு விளித்தார்கள், எவ்வளவு பொறுத்தார்கள், எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்பதே அவர்கள் கண்ட ஒழுக்கபாடம். அதற்குமுன் எத்தனை காலைக் கூட்டங்களில் இனிய சொல் பேசுமாறு அவர்களுக்கு உபதேசித்திருப்போம்!

2024 இல் வேறொன்று நிகழ்ந்தது. திருகோணமலை ஸாஹிராக் கல்லூரியைச் சேர்ந்த 70 முஸ்லிம் மாணவிகளின் க.பொ.த. உயர்தரப் பெறுபேறுகள், பரீட்சை மண்டபத்தில் அவர்கள் காதுகளை மறைத்திருந்தார்கள் என்ற காரணத்தால் நிறுத்திவைக்கப்பட்டன, பின்னரே வெளியாயின. தோழியர் பெறுபேற்றைக் கொண்டாடிய வேளையில் 70 வீடுகளிற் கண்ணீர் இருந்திருக்கும். அவ்வேளையிலே, நடந்து போகும் தூரத்திலுள்ள மற்றப் பாடசாலைகளிலிருந்து ஓர் ஆறுதற் கடிதமாவது போயிற்றா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் எழுதவில்லை. எழுதலாம் என்றுகூட அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இது நமக்கு மட்டும் உரிய நோயன்று. கடலுக்கு அப்பால், குறளை மனனஞ் செய்வதிற் குறைவைக்காத தமிழ்நாட்டிலே, 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை அவனோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். சாதியே காரணம். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் கையிற் கட்டலாகாது, பள்ளிப் பெயர்களிற் சாதி இருத்தலாகாது என்பன அக்குழுவின் பரிந்துரைகளுட் சில. வெட்டியவர்களும் வெட்டுண்டவனும் ஒரே பாடநூலிலே ஒரே குறளைப் படித்திருப்பர்.

பக்கத்திற் பரவும் ஒழுக்கம் நம்மண்ணில் முளைக்காத ஒன்றா? முளைத்திருக்கின்றது. இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்றிருந்த திருகோணமலை இந்துக் கல்லூரியில் 1920 களின் பிற்பகுதியில் அதிபராயிருந்தவர் சுவாமி விபுலானந்தர். பின்னர் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராய் இருந்தபோது, மாலை வேளைகளில் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்குச் சென்று அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்தில் 1911 இற் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் வண்ணார்பண்ணை வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்றவர். சைவச் சூழலிற் கற்ற அந்த முஸ்லிம் மாணவர் 1942 இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தபோது, துறவியான விபுலானந்தரின் நட்பு அவருக்கு உரமாயிற்று. பிற்காலத்திற் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகி, முஸ்லிம் கல்வியின் வழிகாட்டியாகப் போற்றப்பட்டார். ஒருவர் தம் சமயத்தில் ஊன்றி நின்றவாறே மற்றவருடைய பிள்ளையின் வளர்ச்சியில் மகிழலாம் என்பதற்கு இவர்கள் சான்று. யாழ் நூலைப் போற்றும் நாம், திருவேட்களத்துக்கு நடந்த கால்களையும் போற்றல் வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். "பாடசாலை எவ்வளவு கற்பித்தாலும் வெளியுலகம் வேறொன்றைக் கற்பிக்கின்றதே" என்பர். மெய்தான். 2006 ஜனவரி 2 ஆம் நாள் மாலை, நம் கடற்கரையிலே ஐந்து மாணவர் கொல்லப்பட்டனர். வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 2019 ஜூலையிற் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் சாட்சியம் போதாமையால் விடுவிக்கப்பட்டனர். இந்நகரிலே, "நல்லவன் வாழ்வான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் ஆசிரியரின் குரல் சற்றே தடுமாறும்; தடுமாறுவதே நேர்மை. ஆயினும் வெளியிலே வலியவன் மெலியவனை எவ்வாறு நடத்துகின்றான் என்பதைக் கண்ட பிள்ளைக்கு, வலியவன் மெலியவனிடம் மென்மையாய் நடப்பதையும் ஓரிடத்திலாவது காண உரிமை உண்டு. பாடசாலை அவ்விடமாக இல்லாவிடின் வேறெவ்விடம்?

செய்யத்தக்கன சில சொல்வேன். ஒழுக்கத்திற்குப் புள்ளி வேண்டாம். நம் நாட்டிலே புள்ளி பெறுவது எதுவோ அது ரியூஷன் வகுப்புக்குப் போய்விடும். வாய்மை பற்றிய மாதிரி வினாவிடையை மனனஞ் செய்யும் காட்சியை நாம் காண நேரும். ஆசிரியர்க்குத் துணை வேண்டும். பிரம்பை எடாதே என்று சுற்றுநிருபம் சொல்லிற்று. நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பைப் பிரம்பின்றி நடத்தும் வகையைக் கல்வியியற் கல்லூரிகள் போதிய பயிற்சியோடு கற்பித்தல் வேண்டும். பாடசாலையின் காவலாளியையும் துப்புரவுத் தொழிலாளியையும் அதிபர் எவ்வாறு விளிக்கின்றார் என்பதே அன்றைய நற்சிந்தனை. அதைப் பிள்ளைகள் செவிமடுக்கின்றார்கள். இந்துக் கல்லூரியும் முஸ்லிம் கல்லூரியும் கிறித்துவக் கல்லூரியும் இந்நகரில் ஒரே தமிழிற் கற்பிக்கின்றன. தவணைக்கு ஒருநாளாவது அப்பிள்ளைகள் கலந்த அணிகளாக விவாதிக்கட்டும். சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் சேர்ந்து கடற்கரையைத் துப்புரவு செய்யட்டும். ஒருவருக்கொருவர் பெயர் தெரிந்தாற் போதும்; பெயர் தெரிந்தவனை "டேய்" என்பது சற்றுக் கடினம்.

பெயர் என்றதும் நாணத்தோடு ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கின்றது. அந்த மீன்காரரிடம் நான் பத்தாண்டுகளாக மீன் வாங்குகின்றேன். ஹோர்ன் சத்தங் கேட்டால் சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே "மீன்!" என்று கூப்பிடுவேன், அவர் படலையைத் திறந்துகொண்டு வருவார். அவருடைய பெயர் எனக்குத் தெரியாதிருந்தது. அச்சிறுவனுடைய "டேய்" என்ற சொல்லில் என் பங்கும் உண்டென்பது அன்று இரவுதான் உறைத்தது.

மறுநாள் பெயரைக் கேட்டேன். சற்றே வியந்து, சொன்னார். இப்போது ஹோர்ன் கேட்டதும் எழுந்து படலை வரை நடந்து, பெயரோடு நானா என்று சேர்த்து அழைத்து, நின்று நாலு வார்த்தை பேசுகின்றேன். அந்தச் சிறுவன் அவ்வேளையில் அவ்வழியேதான் பாடசாலைக்குப் போகின்றான். வழக்கம்போல் வண்டியால் இறங்கி எனக்கு வணக்கஞ் சொல்கின்றான். நான் இருவரையும் பார்த்து நிற்கின்றேன்.